நீச்சல் அடிக்கிற நாய்க்கு உண்ணி மருந்தா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஊத்து!

ஞாயித்துக்கிழமை காலையில முதுகுல மருந்தை ஊத்தறது. மத்தியானம் தோட்டத்துக் கிணத்துல குதிக்க விடறது. சாயங்காலம் நாத்தம் தாங்கலைன்னு ஷாம்பூ போட்டு அலசறது. அடுத்த வாரம் காது மடிப்புல உண்ணியைப் பார்த்துட்டு, "மருந்து டூப்ளிகேட் போலிருக்குக்கா"ன்னு கடைக்காரரைத் திட்டறது. இந்த நாலையும் வரிசையா செய்யறவங்களை நான் நிறையப் பார்த்தாச்சு கண்ணு. பெரும்பாலும் மருந்து சரியாத்தான் இருக்கும். நீ ஊத்தின நாள்தான் தப்பு.

லாப்ரடாருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் தண்ணியைக் கண்டா கால் நிக்காது. நம்ம நாட்டு நாயும் சித்திரை வெயில்ல பம்பு செட் தொட்டியை விட்டு எழுந்திரிக்காது. கிணறு, வாய்க்கால், குளம், கடல், மொட்டை மாடியில காத்தடிச்சு வெச்ச பிளாஸ்டிக் தொட்டி, எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். உனக்கு நேரமில்லைன்னு தெரியும். அதனால முக்கியமானதை முதல்ல சொல்லிடறேன். மீதியை சோறு வடிச்சு வெச்சுட்டு வந்து படி.

அவசரக்காரங்களுக்கு:

• வாரம் ஒரு தடவைக்கு மேல முழுசா நனையற நாய்க்கு ஸ்பாட்-ஆன் (முதுகுல ஊத்தற மருந்து) வாங்கிக் காசைக் கரைக்காதே. டாக்டரைக் கேட்டு மாத்திரைக்கு மாறு.
• மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் நீச்சல்னா ஸ்பாட்-ஆன் போதும். ஊத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நாள், ஊத்தின பிறகு ரெண்டு முதல் நாலு நாள், மருந்தைப் பொறுத்து, தண்ணிப் பக்கமே போகக் கூடாது.
• வீட்டுல பூனை இருந்தா பெர்மெத்ரின் கலந்த மருந்து வாசப்படியைத் தாண்டக் கூடாது.
• எந்த மருந்து போட்டாலும், கரையேறினதும் கையால தடவி உண்ணி பார்க்கிற வேலை உன்னோடதுதான்.

இனி விவரம்.

1. தண்ணியை விட ஷாம்பூதான் பெரிய எதிரி

நம்ம ஊர்ல அதிகமா விக்கிற ஸ்பாட்-ஆன்ல இருக்கிறது ஃபிப்ரோனில். ஃப்ரன்ட்லைன்னு கேட்டு வாங்கறோமே, அதுல இருக்கிறதும் இதுதான். முதுகுல ஒரே இடத்துல ஊத்தினாலும், தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையோட சேர்ந்து ஒண்ணு ரெண்டு நாள்ல உடம்பு முழுக்கப் பரவும். அப்புறம் முடி வேர்ல இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிக்குள்ள போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துக்கிட்டே இருக்கும். ஒரு மாசம் தாங்கறது இந்தச் சேமிப்பாலதான்.

இப்போ நீயே யோசி. பரவறதுக்கு முன்னாடி கிணத்துல இறக்கினா மருந்து தண்ணியோட போயிடும். பரவி உள்ள இறங்கின பிறகு வெறும் தண்ணியில நனைஞ்சா அவ்வளவு சேதம் இல்லை. ஆனா ஷாம்பூ போட்டா, மருந்து ஒட்டிக்கிட்டிருக்கிற அந்த எண்ணெயையே உரிச்சு எடுத்துடும். தலைக்கு எண்ணெய் வெச்ச கையோட சீயக்காய் போட்டு அலசினா தலையில என்ன மிஞ்சும்? அதேதான்.

நீந்தற நாய் விஷயத்துல நடக்கிற பெரிய தப்பு இதுதான். நீச்சலால போற மருந்தை விட, நீச்சல் முடிஞ்சு நீ போடற குளியலால போற மருந்து அதிகம். அதனால:

• கரையேறினதும் வெறும் நல்ல தண்ணியில அலசு. உப்பு, குளோரின், பாசி எல்லாம் அதுலயே போயிடும்.
• பழைய துண்டால ஈரத்தை ஒத்தி எடு. காது மடல் உள்பக்கம், கால் விரல் இடுக்கு ரெண்டையும் மறக்காதே. ஈரம் நின்னா அங்கதான் புண்ணு வரும்.
• ஷாம்பூ மாசத்துக்கு ஒரு தடவை போதும். அதையும் மருந்து ஊத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வெச்சுக்கோ. அந்த ரெண்டு நாள்ல தோல்ல எண்ணெய் திரும்ப ஊறிடும், மருந்து பரவ வழி இருக்கும்.
• "வாசனைக்கு" பேபி ஷாம்பூ, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் எல்லாம் வேண்டவே வேண்டாம். இதெல்லாம் எண்ணெயைச் சுத்தமா வழிச்செடுத்துடும்.

2. எந்த மருந்துக்கு எத்தனை நாள் தண்ணி கூடாது?

அட்டைப் பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கிற சீட்டை நீ பிரிச்சே பார்த்திருக்க மாட்டே. எழுத்து பொடிசுதான், ஒத்துக்கறேன். மருந்தோட பேரை மட்டும் பெட்டியில தேடிப் பார்த்துட்டு இதோட ஒப்பிட்டுக்கோ.

• ஃபிப்ரோனில்: ஊத்தின பிறகு ரெண்டு நாள் குளியலும் இல்லை, நீச்சலும் இல்லை. வாரம் ஒரு தடவைக்கு மேல நனையற நாய்க்கு இது எவ்வளவு தாங்கும்னு சோதிச்சுப் பார்க்கலைன்னு தயாரிக்கிறவங்களே சீட்டுல போட்டிருக்காங்க.
• இமிடாகுளோபிரிடும் பெர்மெத்ரினும் கலந்தது: குறைஞ்சது 48 மணி நேரம் குளம், ஆறு பக்கம் விடக் கூடாது. ஷாம்பூ போட்டே ஆகணும்னா ஊத்தறதுக்கு முன்னாடி போடு, இல்லைன்னா ஊத்தி ரெண்டு வாரம் கழிச்சுப் போடு. உண்ணியோட கொசுவையும் மணல் ஈயையும் கிட்ட வர விடாம விரட்டும். அது ஒரு நல்ல குணம். பூனைக்கு எமன். அதைத் தனியா சொல்றேன்.
• இமிடாகுளோபிரிடும் மாக்ஸிடெக்டினும் கலந்தது: நாலு நாள். இது தெள்ளுப்பூச்சிக்கும், சிரங்குப் பூச்சிக்கும், சில குடல் புழுக்களுக்கும் கேட்கும். உண்ணிக்குன்னு இதை வாங்காதே.
• செலமெக்டின்: ரெண்டு மணி நேரம் போதும். இதுக்கு மட்டும் நீச்சல் பெரிய தொந்தரவு இல்லை, ஏன்னா தோல் வழியா உடம்புக்குள்ளயே இறங்கிடும். ஆனா உண்ணி உன் வீட்டுல பெரிய பிரச்னைன்னா இதை மட்டும் நம்பி உட்கார முடியாது.
• ஃப்ளூராலானர் ஸ்பாட்-ஆன்: மூணு நாள் தண்ணி கூடாது. அப்புறம் சுமார் 12 வாரம் தாங்கும்.

"சரிக்கா, நனைஞ்சுட்டான். அடுத்த வாரமே இன்னொரு ட்யூப் ஊத்திடவா?" கேட்பேன்னு தெரியும். ஊத்தாதே. ஃபிப்ரோனிலுக்கு ரெண்டு வேளைக்கு நடுவுல நாலு வாரமாவது இடைவெளி வேணும். நாயோட எடை, நனைஞ்ச நாள், ஊத்தின நாள் மூணையும் டாக்டர்கிட்ட சொல்லு. அவர் முடிவு பண்ணட்டும்.

கழுத்துப் பட்டை பத்தியும் ரெண்டு வரி. ஃப்ளூமெத்ரின் கலந்த பட்டை எப்பவாவது நனையற நாய்க்கு நல்லாத்தான் வேலை செய்யும். தினம் தண்ணியில ஊறினா பெட்டியில போட்ட மாசக் கணக்கு வராது. தவிர ஈரப் பட்டைக்கு அடியில தோல் வெந்து போகும். தண்ணியில பொழுதைக் கழிக்கிற நாய்க்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

3. மாத்திரைக்கு எப்போ மாறணும்?

எனக்கு இதுல சந்தேகமே இல்லை. வாரத்துல ரெண்டு மூணு நாள் நீந்தற நாய்க்கு மாத்திரைதான். நெக்ஸ்கார்டும் சிம்பாரிகாவும் மாசத்துக்கு ஒண்ணு. பிராவெக்டோ மாத்திரை சுமார் 12 வாரத்துக்கு ஒண்ணு. மருந்து ரத்தத்துல இருக்கும். கடிக்கிற உண்ணி ரத்தத்தோட மருந்தையும் உறிஞ்சிச் சாகும். நாய் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கிணத்துலயே கிடந்தாலும், நீ தினம் ஷாம்பூ போட்டாலும் மருந்துக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்காதே.

• வலிப்பு வந்த நாய்னா டாக்டர்கிட்ட அதை முதல் வார்த்தையா சொல்லு. இந்த வகை மருந்துகளால சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018ல எச்சரிக்கை விட்டிருக்கு. பெரும்பாலான நாய்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. உன் நாய் அந்தச் சிலதுல ஒண்ணா இருந்துடக் கூடாது, அவ்வளவுதான்.
• பிராவெக்டோவைச் சாப்பாட்டோட கொடு. வெறும் வயித்துல கொடுத்தா உடம்புல சரியா சேராது.
• கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் கண் வெச்சிரு. கக்கிட்டு வந்து வாலாட்டும், நீ முழுங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவே.
• விலை கூடன்னு முகம் சுளிக்காதே. நனைஞ்சு வீணாப் போற ட்யூப், அப்புறம் டிக் ஃபீவருக்கு ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், ஊசி, எல்லாத்தையும் கூட்டிப் பாரு.

மாத்திரைக்கு ஒரு குறை உண்டு. உண்ணி கடிச்சாத்தான் சாகும். கடிக்க விடாம விரட்டாது. அதனால செத்துக் காஞ்ச உண்ணி ஒண்ணு ரெண்டு முடியில தொங்கினா "மாத்திரை வேலை செய்யலை"ன்னு எனக்கு போன் போடாதே. செத்துத் தொங்குதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்.

தேதி மறக்குதா? மாசாந்திர மருந்தை அமாவாசைக்கு வெச்சுக்கோ. 29, 30 நாளைக்கு ஒரு தடவை தவறாம வரும், வீட்டுல யாராவது ஒருத்தர் ஞாபகப்படுத்துவாங்க. 12 வார மருந்துக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்து வராது. தினசரி காலண்டர்ல முன்கூட்டியே அந்தத் தாளைத் தேடி எழுதி வெச்சிடு.

4. ஊத்தற விதத்துல நடக்கிற கோளாறு

• முடி மேல ஊத்தாதே, தோல் மேல ஊத்து. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, நாக்கு எட்டாத இடத்துல, முடியை விரலால ரெண்டா பிரி. வெள்ளையா தோல் தெரியணும். ட்யூப் முனை தோலைத் தொடணும். லாப்ரடார் மாதிரி அடர்த்தியான முடியில பாதிப் பேர் மேலாப்புல ஊத்திட்டு, முடி பிசுபிசுன்னு ஆயிடுச்சுன்னு துடைச்சு வேற எடுக்கறாங்க!
• தேய்க்காதே, மசாஜ் பண்ணாதே. அதுவே பரவும்.
• பெர்மெத்ரின் கலந்த மருந்துன்னா பெரிய நாய்க்கு முதுகுத்தண்டு நெடுக மூணு நாலு இடத்துல பிரிச்சு ஊத்தச் சொல்லியிருப்பாங்க. ஒரே இடத்துல கொட்டினா விலாப்பக்கம் வழிஞ்சு தரையில சொட்டும்.
• ஈர நாய் மேல ஊத்தாதே. மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் அடி முடியில ஈரம் நிக்கும். கையை உள்ள விட்டுப் பாரு.
• எடைக்குத் தகுந்த ட்யூப் வாங்கு. ஃப்ரன்ட்லைன் ஸ்பாட்-ஆன்ல 10 கிலோ வரைக்கும் 0.67 மில்லி, 20 கிலோ வரைக்கும் 1.34, 40 கிலோ வரைக்கும் 2.68, அதுக்கு மேல 60 கிலோ வரைக்கும் 4.02. பெரிய ட்யூபை வாங்கி ரெண்டு குட்டி நாய்க்குப் பங்கு போடற சிக்கனத்தை விட்டுடு. ஒண்ணுக்குக் கூடும், இன்னொண்ணுக்குக் குறையும்.
• எட்டு வாரம் ஆகாத குட்டிக்கும், 2 கிலோவுக்குக் குறைஞ்ச குட்டிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பாட்-ஆன் கூடாது. குட்டி மேல இருக்கிற உண்ணியைச் சீப்பாலயும் கையாலயும் எடு.
• ரெண்டு நாய் இருந்தா மருந்து காயற வரைக்கும் தனித்தனியா கட்டு. ஒண்ணு முதுகை ஒண்ணு நக்கும்.

நக்கிட்டா வாயில நுரை நுரையா எச்சில் ஒழுகும். பெரும்பாலும் அது கசப்பால வர்றது. வாயைத் துடைச்சு, குடிக்கத் தண்ணி வை. நடுக்கமோ, தள்ளாட்டமோ, தொடர்ந்து வாந்தியோ இருந்தா அப்படியே வண்டியில தூக்கிப் போட்டு டாக்டர்கிட்ட ஓடு. போகும்போது பெட்டியையும் எடுத்துக்கோ. இல்லைன்னா டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கே உனக்கு பதில் தெரியாது.

எனக்குப் பிடிச்ச நேரம் செவ்வாய் ராத்திரி. ஞாயித்துக்கிழமை நீந்தியாச்சு, அலசியாச்சு, திங்களும் செவ்வாயும் முழுக்கக் காஞ்சாச்சு. ராத்திரி ஊத்தினா அடுத்த ஞாயிறு வரைக்கும் நாலு முழு நாள் வறண்ட நாளா கையில இருக்கு. அன்னிக்கு ராத்திரி மட்டும் பசங்க கட்டில்ல நாயைப் படுக்க விடாதே. கையுறை போட்டு ஊத்து, முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவு.

5. கிணத்து மீனையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு

"ரெண்டு நாள் தண்ணி கூடாது"ன்னு சொல்றது நாயோட முதுகுல மருந்து நிக்கறதுக்காக மட்டும் இல்லை. பெர்மெத்ரின் மீனுக்குக் கொடிய விஷம். ஃபிப்ரோனிலும் இமிடாகுளோபிரிடும் தண்ணியில வாழற பூச்சிகளை ரொம்பக் கொஞ்ச அளவுலயே கொன்னுடும். கொசுப்புழு தின்னட்டும்னு பஞ்சாயத்துல கொண்டு வந்து விட்ட கம்பூசியா மீனும், ஜிலேபிக் கெண்டையும், தட்டான் பூச்சியோட புழுவும் நம்ம கிணத்துலயும் தொட்டியிலயும்தான் இருக்கு. தட்டான் புழுவும் கொசுப்புழுவைத் திங்கற ஆளுதான். அதைக் கொன்னுட்டு ராத்திரி கொசுவர்த்தி கொளுத்தறது யாருக்கு லாபம்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இங்கிலாந்துல 2016 முதல் 2018 வரைக்கும் 20 ஆறுகள்ல எடுத்த தண்ணி மாதிரிகளை சஸெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆராய்ஞ்சாங்க. 98 சதவீத மாதிரிகள்ல ஃபிப்ரோனில் இருந்துச்சு, 66 சதவீதத்துல இமிடாகுளோபிரிட். அங்க வயல்ல ஃபிப்ரோனில் அடிக்கிறது பெரிய அளவுல கிடையவே கிடையாது. அதனால நாய் பூனைக்கு ஊத்தற மருந்து மேல சந்தேகம் திரும்புச்சு. அப்புறம் அதே குழு நடத்தின ஆய்வுல, மருந்து ஊத்தி நாலு வாரம் கழிச்சும் நாயைத் தடவிட்டுக் கை கழுவற தண்ணியில மருந்து வருதுன்னு தெரிஞ்சுது. கை கழுவற தண்ணியிலயே வருதுன்னா, முழு நாயும் முங்கி எழுந்திரிக்கிற தொட்டியில வராதா?

அதனால ரெண்டு நாள் கெடுங்கறது குறைஞ்சபட்சம்னு வெச்சுக்கோ. என் கணக்குல, முடிஞ்சா ஒரு வாரம். மீன் வளர்க்கிற பண்ணைக்குட்டை, கோயில் தெப்பக்குளம், குடிதண்ணி எடுக்கிற கிணறு, இந்த மூணுலயும் ஸ்பாட்-ஆன் போட்ட நாயை இறக்கவே இறக்காதே. (தெப்பக்குளத்துல எந்த நாயையுமே இறக்காதே, அது வேற கதை. ஊர்க்காரங்ககிட்ட நான் பேச்சு வாங்க முடியாது.) தினம் நீந்தற நாய்க்கு மாத்திரைன்னு நான் பிடிவாதமா சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

காலி ட்யூபை வாய்க்கால்ல வீசாதே. கழுவவும் செய்யாதே. காகிதத்துல சுத்திக் குப்பையில போடு.

6. பூனை, முயல் உள்ள வீடு

பெர்மெத்ரினைப் பூனையோட உடம்பால உடைச்சு வெளிய தள்ள முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். நாய் மருந்துல ஒரு சொட்டு பூனைக்குப் போட்டா போதும்னு நினைக்கிறது கொலைக்குச் சமம். மருந்து ஊத்தின நாயோட ஒட்டிப் படுத்தாலோ, அதை நக்கினாலோ கூட ஆபத்து. நாயும் பூனையும் ஒரே சாக்குல தூங்கற வீட்டுக்கு இந்த மருந்தே வேண்டாம், வேற நூறு வழி இருக்கு. முயலுக்கு ஃபிப்ரோனில் ஆகாது, உயிரையே எடுத்துடும். பசங்க முயல் வளர்க்கறாங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லு.

7. கரையேறினதும் அஞ்சு நிமிஷம்

தண்ணியில முங்கினா உண்ணி செத்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. சாகாது. பல மணி நேரம் மூழ்கியும் தாக்குப்பிடிக்கிற ஜென்மம் அது. தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான், கடல் உப்புத் தண்ணிக்கெல்லாம் அசராது. நாய் கிணத்துக்குப் போற வழியில இருக்கிற புல்லு, வேலிச் செடி, மாட்டுக் கொட்டகை, அங்கதான் புதுசா ஏறும்.

துண்டால துடைக்கிறப்பவே தடவிப் பார்த்துடு, தனியா நேரம் ஒதுக்க வேண்டாம். ஈர முடி உடம்போட ஒட்டியிருக்கும்போது சின்ன உண்ணியும் கைக்குத் தட்டுப்படும். இந்த வரிசையில போ: காது உள்பக்கம், கண் இமை ஓரம், கழுத்துப் பட்டைக்கு அடியில, அக்குள், கால் விரல் இடுக்கு, வால் அடி.

கிடைச்சா:

• முனை கூரான ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா, நிதானமா இழு. வெடுக்குன்னு பிடுங்காதே.
• ஊதுவத்தியால சுடறது, மண்ணெண்ணெய் தடவறது, வாஸ்லீன் பூசறது எல்லாம் வேண்டாம். உண்ணி பதறி, வயித்துல இருக்கிறதையெல்லாம் நாய் உடம்புக்குள்ளயே கக்கும்.
• நகத்தால நசுக்காதே. சானிடைசர் ஊத்தின பழைய பாட்டில்ல போட்டு மூடு.

வீட்டையும் பார்த்துக்கோ. நம்ம ஊர் நாய் உண்ணி வீட்டுக்குள்ளயே பரம்பரை நடத்தும். வயிறு முட்டக் குடிச்ச பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்குல, கட்டில் சந்துல, நாய்க் கூண்டு மூலையில ஆயிரக்கணக்குல முட்டை வெச்சுட்டுப் போகும். சுவத்துல மேல நோக்கி ஏறற பொடிப்பொடிப் பூச்சியைப் பார்த்தா அது உண்ணிக் குஞ்சுதான். தெள்ளுப்பூச்சியும் லேசுப்பட்டது இல்லை. நாய் மேல கண்ணுக்குத் தெரியறது மொத்தத்துல சுமார் 5 சதவீதம். மீதி முட்டையும் புழுவும் கூடுமா பாய்லயும் சோபாவுலயும் இருக்கு. நாய் படுக்கிற சாக்கை வாராவாரம் சுடுதண்ணியில அலசி உச்சி வெயில்ல போடு. சுவர் இடுக்கைச் சிமென்ட் வெச்சு அடை. வீட்டுல எத்தனை நாய் இருக்கோ அத்தனைக்கும் ஒரே நாள்ல மருந்து கொடு.

8. இதெல்லாம் கூடவே கூடாது

• மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை "கொஞ்சமா கலக்கி" நாய்க்கு ஊத்தறது. கொஞ்சம்னா எவ்வளவுன்னு உனக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மருந்து காயறதுக்குள்ள கிணத்துல இறக்கினா மீனும் மிதக்கும்.
• டாக்டர் அமிட்ராஸ் எழுதிக் கொடுத்தா அவர் சொன்ன அளவுல கலக்கு. அது உடம்புலயே காயணும். மறுநாள் நீந்தப் போற நாய்க்கு அது வீண். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும், பூனைக்கும் ஆகாது.
• கற்பூரம், ஃபினாயில், மண்ணெண்ணெய், டீ ட்ரீ ஆயில். இயற்கை, பாட்டி வைத்தியம்னு என்ன பேர் வெச்சாலும் விஷம் விஷம்தான். வேப்பெண்ணெய் தடவினா உண்ணி கொஞ்சம் ஒதுங்கலாம், ஆனா ஒரு முங்கு முங்கினா அதுவும் போச்சு.
• மாத்திரையும் கொடுத்து, ஸ்பாட்-ஆனும் ஊத்தி, பட்டையும் கட்டறது. டாக்டர் சொல்லாம மூணையும் சேர்க்காதே.

இன்னொண்ணு, சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தாலும் சொல்லிடறேன். தேங்கின தண்ணியில நீந்தற நாய்க்கு எலி மூத்திரம் வழியா லெப்டோங்கற எலிக்காய்ச்சல் வரும், அது மனுஷங்களுக்கும் தொத்தும். வருஷத் தடுப்பூசியில லெப்டோ சேர்ந்திருக்கான்னு அடுத்த தடவை போறப்போ கேட்டுடு.

9. இதைப் பார்த்தா காத்திருக்காதே

எல்லாம் சரியா செஞ்சும் ஒரு உண்ணி தப்பிச்சுக் கடிச்சுடலாம். நீந்தப் போறேன்னு குதிக்கிற நாய் தொட்டியைப் பார்த்தும் படுத்தே கிடந்தா, சோத்தை மோந்துட்டுத் திரும்பினா, காதும் வயிறும் கொதிச்சா, ஈறு வெளுத்திருந்தா, மூக்குல ரத்தம் வந்தா, அடிவயித்துல குண்டூசி குத்தின மாதிரி செம்புள்ளி தெரிஞ்சா எர்லிக்கியாங்கற டிக் ஃபீவரா இருக்கலாம். மூத்திரம் டிகாக்ஷன் நிறத்துல போனாலோ, ஈறு மஞ்சளா இருந்தாலோ பேபீசியாங்கற இன்னொரு வகை டிக் ஃபீவரா இருக்கலாம். ரெண்டுக்கும் மருந்து வேற. பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்து மிச்சமான டாக்ஸிசைக்ளினை எடுத்துக் கொடுத்து ரத்தப் பரிசோதனையைக் குழப்பாதே. டாக்டர் எழுதிக் கொடுத்தா, ரெண்டே நாள்ல வாலாட்டினாலும் சொன்ன நாள் முழுக்கக் கொடு, பெரும்பாலும் நாலு வாரம் வரும். அந்த நாலு வாரமும் நீச்சல் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும் தோட்டத்துக் கேட்டைப் பூட்டியே வை.